சிபியா ஹாமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தூரத்துக்குக் கதைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் நாலு பழைய வானொலி செற். பின்வளவுப் பனையில் ஒரு கம்பி. இந்த இரண்டையும் கண்டவர்கள் கேட்காமல் போகமாட்டார்கள். பாரிஸ், லண்டன் பக்கமிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் பெட்டிக்குள் சிபி செற் வைத்துக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு கேள்வி இன்னும் கூடிவிட்டது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்ததால் எழுதி வைக்கிறேன்.

சிபி எண்டால் என்ன, ஹாம் எண்டால் என்ன? ரெண்டும் வோக்கி ரோக்கிதானே அண்ணை?

வோக்கி ரோக்கி என்பது கையில் பிடிக்கிற பெட்டியின் பெயர். எந்த அலைவரிசையில், யாருடைய அனுமதியோடு கதைக்கிறீர்கள் என்பதில்தான் சிபியும் ஹாமும் பிரிகின்றன.

சிபி, அதாவது சிற்றிசன்ஸ் பாண்ட் (பொதுமக்களுக்கான அலைவரிசைப் பட்டை), 26.965 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 27.405 வரை 40 சனல். அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர் என்பதால் அதையே பெயராகவும் சொல்வார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சோதனை எதுவும் எழுதாமல் கடையில் வாங்கி, லொறியில் பூட்டிக் கதைக்கலாம். ஏஎம், எஃப்எம் என்றால் 4 வாட், எஸ்எஸ்பி, அதாவது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிற முறை என்றால் 12 வாட். அதற்குமேல் போகக்கூடாது.

ஹாம் என்கிற அமெச்சூர் வானொலிக்குச் சோதனை எழுத வேண்டும், அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். உங்களுக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். 4எஸ்7 என்று தொடங்குகிற குறியைக் கேட்டவுடன் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவனும் இலங்கை என்று கண்டுகொள்வான். கதைப்பதற்கு ஒன்றல்ல, 1.8 மெகாஹேர்ட்ஸில் இருந்து மைக்ரோவேவ் வரை பல பாண்ட் உண்டு. செற்றை நீங்களே கட்டலாம். வழமையான ஹாம் செற் 100 வாட் தரும்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் சிபி சைக்கிள். அந்த நாடுகளில் லைசன்ஸ் வேண்டாம், ஏறி மிதிக்கலாம். ஆனால் சைக்கிளில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தவனும் எங்கள் ஊரில் இருக்கிறான். சிபியில் தூரத்துக்குக் கதைப்பது அந்த மாதிரி வேலை.

4 வாட்டில பாரிசுக்குக் கதைச்சனெண்டு மச்சான் சொல்லுறார். கதை விடுறாரோ?

விடவில்லை. பாரிஸ் இங்கிருந்து ஏறக்குறைய 8,300 கிலோமீற்றர். நல்ல நாளில் 4 வாட் போதும். அதே மச்சான் அதே செற்றால் 50 கிலோமீற்றரில் இருக்கிற கிளிநொச்சியைப் பிடிக்க முடியாமல் நின்றிருப்பார். இதுதான் முதலில் ஆட்களுக்கு மண்டைக்குள் ஏறாது.

27 மெகாஹேர்ட்ஸ் அலை நிலத்தோடு ஒட்டிப் போகிற தூரம் சின்னது. வீடு, மரம், மேடு பள்ளம் எல்லாம் அதைத் தின்னும். இரண்டு வாகனத்துக்கு இடையில் ஐந்து பத்து கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது. உப்புத் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் கூடப் போகும். ஆனால் அன்ரனாவில் இருந்து சரிவாக மேலே போகிற பங்கு ஒன்று இருக்கிறதே, அது 250 முதல் 400 கிலோமீற்றர் உயரத்தில் அயனமண்டலத்தின், அதாவது வெயில் மின்னேற்றிவிட்ட உயர்காற்றின், எஃப்2 என்ற படையில் பட்டு வளைந்து கீழே இறங்குகிறது. ஒரு பாய்ச்சலில் 4,000 கிலோமீற்றர் வரை போகலாம். கடலில் பட்டு மறுபடியும் மேலே போய் இன்னொரு பாய்ச்சல். சின்ன வயதில் தொண்டைமானாற்று வாய்க்காலில் தட்டைக்கல் எறிந்து தவளைப் பாய்ச்சல் விட்டவர்களுக்கு நான் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. கல் தொடாமல் பறந்து போகிற இடங்கள் இருக்குமே, அந்த இடைவெளியில்தான் கிளிநொச்சி கிடக்கிறது. உங்கள் அலை அதன் தலைக்கு மேலால் போய்விட்டது.

இன்னொரு வழியும் உண்டு. 100, 120 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள ஈ படையில் சில நேரம் திட்டுத் திட்டாக அடர்த்தி கூடும். அது கைகொடுத்தால் ஒரு பாய்ச்சல் 2,000 கிலோமீற்றர் அளவில் முடியும். டெல்லி அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. வரும், கொஞ்ச நேரம் நிற்கும், சொல்லாமல் போய்விடும்.

இந்தப் பாய்ச்சலுக்கு சிபி அலை, ஹாம் அலை என்ற பேதம் கிடையாது. சிபிக்குப் பக்கத்து வீடு ஹாமின் 28 மெகாஹேர்ட்ஸ், அதாவது 10 மீற்றர் பாண்ட். ஒன்று திறந்தால் பெரும்பாலும் மற்றதும் திறந்திருக்கும். வித்தியாசம் அது மூடின பிறகுதான் தெரியும். சிபிக்காரர் செற்றை நிற்பாட்டிவிட்டுப் படுக்கப் போவார். ஹாம்காரர் 21க்கு இறங்குவார், பிறகு 14க்கு, நடுச்சாமத்தில் 7க்கு. எந்த நேரத்திலும் ஏதோ ஒரு கதவு அவருக்குத் திறந்திருக்கும். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வாட் அல்ல, இதுதான்.

அப்ப ஏன் எந்த நாளும் கேக்குதில்லை?

சூரியனைக் கேட்க வேண்டும். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைகிற சுற்று ஏறக்குறைய 11 வருடம். புள்ளி கூடினால் அயனமண்டலம் தடிக்கும், 27, 28 போன்ற உயர்ந்த அலைகளும் திரும்பி இறங்கும். குறைந்தால் அவை மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். இப்போதைய 25ஆவது சுற்று 2019 டிசம்பரில் அடிமட்டத்தில் தொடங்கி 2024இல் உச்சிக்கு வந்தது. 2019இல் ஒரு செற்றை வாங்கிப் போட்டுவிட்டு "உது சும்மா இரையுது" என்று விற்றவர்களை எனக்குத் தெரியும். வாங்கினவர்கள் 2023இல் இத்தாலிக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூரியப் புள்ளிகளை நூறு வருடத்துக்கு மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிற இடங்களில் ஒன்று அக்கரையில் கொடைக்கானலில் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு வாய்ப்பான சங்கதி, நாங்கள் பூமியின் காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பது. 1963இல் இந்தியா முதல் றொக்கற்றை விட்ட தும்பா, திருவனந்தபுரத்துக்குப் பக்கம். அந்தக் கோடு அங்கே போகிறது என்பதற்காகவே அந்த மீன்பிடிக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த அகலக்கோட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, எஃப்2 படையும் நல்ல தடிப்பு. அதனால் வடக்கே ஐரோப்பாவில் இருக்கிறவர்களை விட உயர்ந்த பாண்டுகள் எங்களுக்குக் கூடநேரம் திறந்திருக்கும். காலையில் கிழக்கு, யப்பான் பக்கம். பிற்பகல் தொடங்கி இருட்டின பிறகும் மேற்கு, ஐரோப்பா. பொழுதுபட்டபின் சில நாளில் குரல் நடுங்கும், கிணற்றுக்குள் தலையை விட்டுக் கதைக்கிற மாதிரி. செற் பழுது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்த நேரத்தில் மேலே அயனப் படை குமிழி குமிழியாகக் கலைகிறது, அவ்வளவுதான்.

வட்சப்பில சும்மா கதைக்கலாமே, இது எதுக்கு?

மீன்தான் வேண்டுமென்றால் சின்னக்கடைச் சந்தைக்குப் போகலாம். தூண்டிலோடு பண்ணைப் பாலத்தில் இருக்கிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

சிபியில தூரத்துக்கெண்டு தனிச் சனல் இருக்கோ?

சட்டப்படியான 40க்குள் என்றால் 38ஆவது சனல், 27.385 மெகாஹேர்ட்ஸ், கீழ்ப்பக்க எஸ்எஸ்பி. தூரத்துக்காரர்கள் அங்கே கூடுவார்கள். அமெரிக்காவில் 19 லொறிக்காரருக்கு, 9 அவசரத்துக்கு.

ஆனால் உலகத்து 11 மீற்றர் பிரியர்கள் கூடுகிற சந்தி 27.555. அது 40 சனலுக்கும் வெளியே. அங்கே கதைப்பதற்கு சிபியை அனுமதித்த நாடுகளிலேயே அனுமதி இல்லை, ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. தங்களுக்குள் ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கு ஓர் இலக்கம்: இத்தாலி 1, அமெரிக்கா 2, பிரான்ஸ் 14, இங்கிலாந்து 26. அதன்பின் சங்கத்தின் பெயர், அங்கத்தவர் இலக்கம். கதைத்து முடிந்ததும் அட்டை அனுப்புவார்கள். கதைத்ததை உறுதிப்படுத்த ஹாம்காரர் அனுப்புகிற கியூஎஸ்எல் அட்டைப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. சட்டத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்திருக்கிறது, கொஞ்சம் மரியாதையும் வந்திருக்கிறது. அதற்காக நீங்களும் போய் நில்லுங்கள் என்று சொல்லமாட்டேன்.

ஹாம்காரர் சிபிக்காரரைக் கண்டால் மூஞ்சையைச் சுழிக்கினமே, ஏன்?

காணிச் சண்டை. பகிடியில்லை. 11 மீற்றர் அமெரிக்காவில் முதலில் ஹாம்காரருடைய பாண்ட். 1958இல் அங்குள்ள தொடர்பாடல் ஆணையம் அதை அவர்களிடமிருந்து எடுத்துப் பொதுமக்களுக்கு சிபியாகக் கொடுத்தது, அப்போது 23 சனல். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டோடு வேகக் கட்டுப்பாடு வர, லொறிச் சாரதிகள் எங்கே எண்ணெய் இருக்கிறது, எங்கே பொலிஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்ல சிபியைப் பிடித்துக்கொண்டார்கள். நெரிசல் தாங்காமல் 1977இல் 40 சனல் ஆக்கினார்கள். பிரித்தானியாவில் களவாகக் கதைத்துக் கதைத்தே கடைசியில் 1981 நவம்பரில் சட்டமாக்க வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கச் சட்டப்படி சிபியில் 250 கிலோமீற்றருக்கு அப்பால் கதைப்பதே குற்றமாக இருந்தது. வானம் தானாகத் திறந்து உங்கள் குரலைப் பிரேசிலில் கொண்டுபோய் இறக்கினாலும் நீங்கள் பதில் சொல்லக்கூடாது. 2017இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

மூஞ்சைச் சுழிப்புக்கு இன்னொரு காரணம், சோதனை எழுதினவனுக்கு எழுதாதவன் மேல் இருக்கிற அந்தப் பார்வை. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இலங்கையில சிபி செற் வச்சிருக்கலாமோ?

இந்தப் பதிலை மட்டும் கவனமாக வாசியுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானொலி அனுப்பும் கருவியைப் பாவிக்க அனுமதி வேண்டும். கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பாரிஸில் அனுமதி தேவையில்லை என்பது கட்டுநாயக்காவில் செல்லாது. இந்தியாவிலும் 27 மெகாஹேர்ட்ஸில் ஒரு பகுதி குறைந்த வலுவுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அது அவர்களுடைய சட்டம், பாக்குநீரிணையைத் தாண்டி வராது.

ஆகவே மச்சான் கொண்டுவந்து தந்தார் என்றால் பெட்டியில் வைத்துவிட்டு முதலில் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உண்மையில் தூரத்துக்குக் கதைக்கும் ஆசை இருந்தால் இந்த அலைச்சலை ஹாம் அனுமதிக்கே அலையுங்கள் என்பது என் யோசனை. அலைச்சல் ஒன்றுதான், கிடைப்பது பத்து மடங்கு.

வீட்டில அப்பா வேண்டாமெண்டுறார். கூரையில கம்பி கட்டினால் பிரச்சினை வருமாம்.

அப்பாவைக் குறை சொல்லாதேயும் தம்பி. அவர் கண்ட காலம் அப்படி. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரில் முட்ட விட்டு, கையால் பெடலைச் சுற்றித்தான் எங்கள் வீட்டில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிற வேலை என்னுடையது. கை உளைந்து வேகம் குறைய, செய்தி வாசிக்கிறவரின் குரல் அமுங்கிப் போகும். "சுத்தடா, சுத்தடா" என்று நாலு பெரியவர்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். முக்கியமான பெயர் வருகிற இடத்தில்தான் என் கை எப்போதும் தளர்ந்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்பதற்கே அந்தப் பாடு. அனுப்புகிற கருவி ஒன்று வீட்டில் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். 2009க்குப் பிறகும் கம்பி என்றால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அனுமதிப்பத்திரத்தைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுங்கள், அயலட்டைக்கு இது என்ன என்று முதலே சொல்லிவையுங்கள். நான் கிராமசேவகருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, என் மனநிம்மதிக்குக் கொடுத்தேன்.

100 வாட் லீனியர் ஒண்டு பூட்டினால் சிபியும் ஹாம் மாதிரி ஆகிடுமோ?

லீனியர் என்பது செற்றின் வலுவைக் கூட்டுகிற பெட்டி. பூட்டினாலும் ஆகாது. சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 4 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது 14 டெசிபல். கேட்கிறவரின் செற்றில் சைகையின் பலத்தைக் காட்டுகிற எஸ் மீற்றரில் ஒரு கோடு 6 டெசிபல். அப்படியென்றால் இரண்டு கோட்டுக்குக் கொஞ்சம் மேல். எஸ்எஸ்பியின் 12 வாட்டில் இருந்து பார்த்தால் ஒன்றரைக் கோடு. வானம் திறந்திருந்தால் இரண்டு கோடு இல்லாமலும் கேட்கும், மூடியிருந்தால் இரண்டு கோடு கூடினாலும் கேட்காது.

மலிவு லீனியர் செய்கிற மற்ற வேலை, பக்கத்து வீட்டு ரீவியில் நீங்கள் நாடகத்துக்குள் புகுந்து கதைப்பது. நானும் ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் "100 வாட்" என்று எழுதின பெட்டி ஒன்று வாங்கி வந்து அளந்து பார்த்தேன், 30ஐத் தாண்டவில்லை. அந்தக் காசுக்குச் செம்புக் கம்பியும், அன்ரனாவைச் செற்றோடு இணைக்கிற நல்ல கோயாக்ஸ் வயரும் வாங்கியிருக்கலாம்.

அன்ரனாவுக்கு என்ன செய்யிறது? கடையில வாங்கவோ?

வேண்டாம், கட்டுங்கள். அரை அலை டைபோல் என்பது நடுவில் வெட்டின ஒரு கம்பி, அவ்வளவுதான். 143ஐ மெகாஹேர்ட்ஸால் பிரித்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும். 27.2க்கு 5 மீற்றர் 26 சென்ரிமீற்றர், ஒரு பக்கம் 2.63. ஹாமின் 28.4க்கு ஒரு பக்கம் 2.52. பார்த்தீர்களா, சிபிக் கம்பிக்கும் 10 மீற்றர் ஹாம் கம்பிக்கும் பக்கத்துக்கு 11 சென்ரிமீற்றர்தான் வித்தியாசம், அரைச் சாண். இரண்டு கூட்டமும் இவ்வளவு காலம் முறைத்துக்கொண்டிருப்பது இந்த அரைச் சாணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டுதான்.

எப்படிக் கட்டுவது என்பது நீளத்தை விட முக்கியம். டைபோல் தன் நுனிகளின் பக்கம் பார்க்காது, தன் அகலப் பக்கம் இரண்டையும்தான் பார்க்கும். எங்களிடம் இருந்து லண்டன் வடமேற்கே, ஏறக்குறைய 320 பாகையில். கம்பியை வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாக இழுத்தால் ஒரு முகம் நேரே ஐரோப்பா. மறுமுகம் தென்கிழக்கு, மெல்பேர்ன் 133 பாகையில் அதற்குள்ளேயே வந்துவிடும். ஒரே கம்பியில் லண்டன் சித்தப்பாவும் மெல்பேர்ன் பெரியம்மாவும்.

உயரம் அரை அலையாவது, ஐந்தரை மீற்றர், வேண்டும். இரண்டு மடங்கு என்றால் அருமை. இதற்கு ஐரோப்பாக்காரர் அலுமினியக் கம்பத்துக்குக் காசு கொட்டுகிறார்கள். எங்களுக்குப் பனை நிற்கிறது. எனக்குக் கப்பி கட்டித் தந்தது எங்கள் ஒழுங்கையில் கள்ளிறக்குகிற ஐயா. இடுப்பில் பாளைக் கத்தியோடு ஏறி, நைலோன் கயிறைக் கப்பிக்குள்ளால் விட்டுவிட்டு மேலே இருந்தே கேட்டார், "தம்பி, இதில என்ன இறங்கும்?" "இத்தாலி இறங்கும் ஐயா" என்றேன். இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் அவரை மேசைக்குக் கூப்பிட்டு ஓர் இத்தாலிக்காரரின் குரலைக் கேட்க விட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "நல்லாக் கோவத்தில கதைக்கிறான்" என்றார்.

பருத்தித்துறை, மாதகல் போன்ற கரையோரத்துக்காரருக்கு மட்டும் ஒரு சொல்: உப்புக்காற்று சோல்டர் பிடித்த இடத்தை ஒரு வருடத்தில் பச்சையாக்கிவிடும். மூட்டுகளைச் சுயமாய் ஒட்டுகிற ரேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள்.

இடி மின்னலுக்கு?

கோயாக்ஸைக் கழற்றுங்கள். கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். ஐப்பசி மழை தொடங்குகிற ஒரு நாள் நான் சந்தைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் விழுந்தது எங்கள் மரத்தில் அல்ல, இரண்டு வளவு தள்ளி ஒரு தென்னையில். திரும்பிவந்து பார்த்தால் செற்றுக்குள் அலையை வாங்குகிற பகுதி செத்துப்போயிருந்தது, வெளியே ஒரு கீறல் இல்லை. நேரே விழத் தேவையில்லை, நீளக் கம்பி தானாக வாங்கிக்கொள்ளும்.

எர்த் கம்பி அடிப்பதில் வலிகாமத்தாருக்குத் தனிக் கஷ்டம். கொஞ்சம் இறங்கினால் சுண்ணாம்புக்கல். காய்ந்த கல்லில் அடித்த எர்த் எர்த்தே இல்லை. கிணற்றடி ஈரமுள்ள இடமாகப் பார்த்து, ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்றாக அடித்து இணையுங்கள்.

ஆக்கள் தாரா கத்துற மாதிரிக் கதைக்கினம். ஏன்?

அவர்கள் எஸ்எஸ்பியில் கதைக்கிறார்கள், நீங்கள் ஏஎம்மில் கேட்கிறீர்கள். எஸ்எஸ்பி உள்ள செற்றில் யூஎஸ்பி (மேல்பக்கம்), எல்எஸ்பி (கீழ்ப்பக்கம்) இரண்டையும் மாற்றிப் பார்த்து, குரலைத் தெளிவாக்குகிற கிளாரிஃபையர் குமிழை மெல்லத் திருப்புங்கள். தாரா மனிதனாகும்.

ஹாம் சோதனை கஷ்டமோ? மோர்ஸ் பாடமாக்க வேணுமோ?

வானொலிச் சட்டம், அடிப்படை மின்சாரமும் இலத்திரனியலும், கதைக்கிற முறை, இவற்றைத்தான் கேட்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்களுக்குக் கணக்கு ஒரு பொருட்டில்லை. எடுக்காதவர்களும் பயப்படத் தேவையில்லை, ஓமின் விதி விளங்கினால் பாதித் தூரம். றேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா என்கிற சங்கத்தைத் தொடர்புகொண்டால் வழிகாட்டுவார்கள். மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற குறிமொழி, சர்வதேச அளவில் 2003க்குப் பிறகு கட்டாயமில்லை. ஆனால் படியுங்கள். குரல் முற்றாக இரைச்சலுக்குள் போன பிறகும் அந்த டிட் டா வந்துகொண்டிருக்கும்.

எஃப்ரி8 எண்டு கொம்பியூட்டரே கதைக்குதாமே. அது கள்ளாட்டம்தானே?

இதில் நான் இரண்டு பக்கமும் நிற்கிறவன். எஃப்ரி8 என்பது கணினியும் கணினியும் செற் வழியாகச் செய்தி மாற்றுகிற முறை, 2017இல் வந்தது. செய்தவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், இரட்டைப் பல்சார் கண்டுபிடிப்புக்காக 1993இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றவர். 15 வினாடித் துண்டுகளாகச் செய்தி போகும். காதுக்கு ஒன்றுமே கேட்காத அளவு மெல்லிய சைகையையும் கணினி பிரித்தெடுக்கும். சின்ன வளவு, தாழ்ந்த கம்பி என்று இருக்கிறவருக்கு இது பெரிய வரம். ஆனால் நூறு நாடு பிடித்தேன் என்று சொல்கிற பிள்ளையிடம் ஒருத்தரின் குரலாவது நினைவிருக்கிறதா என்று கேட்டால் முழிக்கிறது. அனுமதி எடுத்தவருக்குத்தான் இந்த வசதி என்பதும் சிபியோடு ஒப்பிடும்போது கணக்கில் வரும்.

சுனாமி மாதிரி ஒண்டு வந்தால் எது உதவும்?

2004 டிசம்பர் 26 அன்று அந்தமானில் போர்ட் பிளேயரில் ஒரு ஹாம் குழு இருந்தது. பாரதி பிரசாத் தலைமையில், அரிய இடத்தில் இருந்து உலகத்தோடு கதைக்கவென்று போன குழு. தொலைபேசி எல்லாம் விழுந்தபோது அந்த விளையாட்டுச் செற்றுகள்தான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் செய்தி கொண்டுபோயின. இங்கே அம்பாந்தோட்டைப் பக்கமும் ஹாம்கள் போய் நிலையம் போட்டார்கள். வடமராட்சி கிழக்கை அலை அடித்த அதே நாளில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிலையமும் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஒருமாதிரி.

சிபியும் ஊருக்குள் உதவும். ஆனால் 300 கிலோமீற்றரில் இருக்கிற கொழும்புக்கு 27 மெகாஹேர்ட்ஸ் பெரும்பாலும் தலைக்கு மேலால் போய்விடும். அந்தத் தூரத்துக்கு 7 மெகாஹேர்ட்ஸ் அல்லது 3.5 வேண்டும், நேரே மேலே அடித்து நேரே கீழே இறக்குகிற வேலை. அது ஹாமிடம் மட்டும்தான்.

ரொறன்ரோவில இருக்கிற தம்பியோட கதைக்கலாமோ?

அவரும் அங்கே சோதனை எழுதி அனுமதி எடுத்தால் கதைக்கலாம். தூரம் 13,700 கிலோமீற்றர், அதுகூடப் பெரிதில்லை. திசைதான் வில்லங்கம். உலகப் படத்தைப் பார்த்து மேற்கே என்று நினைப்பீர்கள். உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள், வடக்கே ஏறி துருவத்தை ஒட்டித்தான் போகும். துருவப் பக்கம் சூரியக் கொந்தளிப்பு வந்தால் அலையை விழுங்கிவிடும். 27, 28 எல்லாம் அபூர்வம், 14இல் பொறுமையாக இருந்தால் நடக்கும்.

பாரிஸ், லண்டன் என்றால் சுகமான வழி ஒன்று உண்டு. 2018 நவம்பரில் ஏவின கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 செய்மதியில் ஹாம்களுக்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்கிற செய்மதி, பிரேசிலில் இருந்து தாய்லாந்து வரை பார்க்கும். இங்கிருந்து மேற்கு வானத்தில் 28 பாகை உயரம், ஒரு டிஷ் போதும், சூரியப் புள்ளி பார்க்கத் தேவையில்லை. கனடா அதன் கண்ணுக்குப் படாது. உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

செற் வாங்க முன்னம் சும்மா கேட்டுப் பாக்க ஒரு வழி சொல்லுங்கோ.

கைத்தொலைபேசி போதும். நெதர்லாந்தில் ருவென்ரே பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிற வெப்எஸ்டிஆர் என்கிற வானொலியில் 29 மெகாஹேர்ட்ஸ் வரை நீங்களே திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது நெதர்லாந்தின் வானம். உங்கள் வானத்தைக் கேட்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்கிற சின்ன யூஎஸ்பி துண்டு ஒன்றும், மேலே சொன்ன ஐந்தேகால் மீற்றர் கம்பியும் வேண்டும். அந்தத் துண்டு 24 மெகாஹேர்ட்ஸில் இருந்து கேட்கும், சிபியும் 10 மீற்றரும் இரண்டுமே உள்ளே அடக்கம். பழைய ரிமோட் கார் ஒன்று ஒழுங்கையில் ஓடினால் அதுவும் 27இல் இரையும், பயப்படாதீர்கள்.

பிறகு 28.200இல் நிறுத்தி, மேல்பக்க எஸ்எஸ்பியில் வைத்து, பத்து நிமிடம் கையை எடுங்கள். உலகம் முழுக்கப் பதினெட்டு வழிகாட்டி நிலையங்கள் அந்த ஒரே அலைவரிசையில் முறை வைத்து அனுப்புகின்றன. ஒன்றுக்குப் பத்து வினாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. எங்கள் நாட்டுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் உண்டு, 4எஸ்7பி. ஒவ்வொன்றும் தன் குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு நாலு நீட்டல் போடும், ஒவ்வொன்றும் ஒரு வினாடி. முதலாவது 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. எத்தனை நீட்டல் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டு கேட்டால் மச்சானின் 4 வாட்டுக்கும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. 2024 ஒக்ரோபரில் ஒரு பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வர, கோயாக்ஸைக் கழற்ற எழும்பினவன் நாலாவது நீட்டலும் கேட்டு அப்படியே இருந்துவிட்டேன். கழற்றினது முதல் இடி முழங்கின பிறகுதான்.